நூற்று எண்பதாவது நாள்

கம்பிவலைக் கதவை மூன்றாவது தடவையாகத் தட்டினார்கள். அர்சூலா எழுந்திருக்கவில்லை. மடியில் ஈரச் சோளமட்டை, உள்ளங்கையில் மாவு. மாவை மட்டையில் தடவி, நடுவே காரக்கறியை வைத்துச் சுருட்டி, நுனியை மடித்துத் தட்டில் அடுக்கினாள். மூன்று சேர்ந்ததும் நூலால் ஒரு கட்டு. நான்கு கட்டு ஒரு டஜன். அன்றைய சனிக்கிழமை வியாபாரத்துக்குப் பதினைந்து டஜன் தமாலேயாவது வேண்டும்.

“மிஸ் அர்சூலா, உள்ளதான் இருக்கீங்க. வாசனை ரயிலடி வரைக்கும் வருது.”

“வாசனைக்குக் காசு கெடையாது. மோந்துட்டுப் போ.”

வெளியே சிரிப்பு. லமார்கஸ். அவன் குரலை அவனுடைய ஆறாவது வயதிலிருந்து அவளுக்குத் தெரியும். ஆர்கைல் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பதினாலாம் நம்பர் பேருந்தை இருபத்தேழு வருடமாக அவள்தான் ஓட்டுகிறாள். ஊரில் நாற்பதுக்குக் கீழே உள்ள ஆண் பெண் எல்லாரையும் இருக்கையை வைத்துத்தான் ஞாபகம். லமார்கஸ் இடதுபக்கம், மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். இப்போது சாம்பல் நிறக் கோட்டு போட்டிருந்தான். ஊர்ச் சேற்றுக்கு லாயக்கில்லாத செருப்பு. கக்கத்தில் ஒரு தோல் உறை.

“ஒரே ஒரு பக்கம்தான். உங்க பங்கை எழுதிக் குடுத்துட்டாப் போதும்.”

“பங்கா? இது என்ன பீட்சாவா?”

“இந்த விலை இருபத்தெட்டாம் தேதி வரைக்கும்தான் நிக்கும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“நல்லதுக்கா? மூணாங்கிளாஸ்ல என் பஸ்ஸுல திராட்சை சோடாவைக் கக்கிட்டு, ‘நான் இல்ல, பின் சீட்டுக்காரன்’னு சொன்னியே, அது யார் நல்லதுக்கு?”

“அதை இன்னும் விட மாட்டீங்களா?”

“கறை போகலடா.” அவள் இன்னொரு மட்டையை எடுத்தாள். “ஒண்ணு கேக்கறேன். இருபத்தெட்டு தாண்டினா யாருக்கு விலை இருக்காது? எனக்கா, உன் அட்லாண்டா மொதலாளிக்கா?”

லமார்கஸ் தோல் உறையை மூடிக்கொண்டு காரைப் பார்த்துத் திரும்பினான்.  அதையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

அவன் போனதும் கை கழுவி, அடுப்பங்கரைச் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியில் டிசம்பர் எட்டாம் தேதியைப் பென்சிலால் அடித்தாள். சவ அடக்க நிலையம் ஒவ்வொரு வருடமும் தேவாலயத்தில் இலவசமாகத் தருகிற நாட்காட்டி. ஆர்கைலில் எல்லா வீட்டிலும் அதுதான். மேலே ஏசு, கீழே நிலையத்தின் தொலைபேசி எண். அன்றைக்கு நூற்று அறுபதாவது நாள்.

இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தவள் லியோத்தா. கோர்ட்டுக் கட்டடத்தில் வரி வாங்குகிற ஜன்னலுக்குப் பின்னால் உட்காருபவள். தேவாலயப் பாட்டுக்குழுவில் அர்சூலாவுக்குப் பக்கத்தில் நிற்பவள். செப்டம்பரில் மாவட்ட மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. கோழி வறுவல் இலவசம் என்பதால் லியோத்தா போனாள். திரையில் வரைபடம் காட்டினார்களாம். மாநிலத்தில் எங்கெங்கே வறுமை அதிகமோ அங்கெல்லாம் நீல நிறம். ஆர்கைல் முழுக்க நீலம். எங்கோ எதையோ விற்று லாபம் பார்த்தவன், அந்த லாபத்தை நூற்று எண்பது நாளுக்குள் நீலத்தில் போட்டால், அரசாங்கம் அதற்கான வரியை இப்போது கேட்காது. தள்ளி வைக்கும். கொஞ்சம் குறைக்கவும் செய்யும்.

“அட்லாண்டாக்காரன் கம்பெனியை வித்தது ஜூலை ரெண்டு,” என்றாள் லியோத்தா. “லமார்கஸே முடிவெட்டற கடையில வாயை விட்டுட்டான். நான் விரல்ல எண்ணிப் பாத்தேன். அப்புறம் நாட்காட்டியில எண்ணினேன். டிசம்பர் இருபத்தெட்டு. வெள்ளிக்கிழமை.”

“அதுக்குள்ள போடலேன்னா?”

“வரி கட்டணும். கட்டிட்டான்னா அப்புறம் அவனுக்கு இந்த ஊர் எதுக்கு? இங்க என்ன கடலா இருக்கு?”

அன்றிலிருந்து அடித்து வருகிறாள். ஒரு ஆளின் அவசரத்தை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்து வைத்திருப்பது அவளுக்குப் புதிது. பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலையில் நேரம் எப்போதும் அவளைத்தான் துரத்தியிருக்கிறது.

ரயில்பாதையை ஒட்டிப் பன்னிரண்டு மனை. எட்டு ஏற்கெனவே அட்லாண்டாக்காரனின் நிலக் கம்பெனிக்குக் கைமாறிவிட்டது. அந்த வீடுகளில் யாரும் குடிவரவில்லை. ஜன்னலுக்கெல்லாம் ஒட்டுப்பலகை அடித்து, கதவில் கம்பெனியின் சீட்டு ஒட்டியிருந்தார்கள். நடுவில் அர்சூலாவின் நான்கு மனை: ஒரு வீடு, தமாலே வேக வைக்கிற செங்கல் கொட்டகை, ஒரு பெக்கான் கொட்டை மரம், மிச்சம் புல்.

அவளுடைய தாத்தா பிரின்ஸ் டாலிவர் 1919இல் ரயில் கம்பெனியிடமிருந்து வாங்கியது. பத்திரத்தில் அவர் பெயருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி. அதுதான் அவர் கையெழுத்து. ஏழு பிள்ளைகள். 1941இல் பருத்திக் கொட்டடியில் நின்றபடியே விழுந்து செத்தார். உயில் இல்லை. ஆர்கைலில் கறுப்பர் யாரும் உயில் எழுதியதில்லை. உயில் எழுதுவது சாவுக்குக் கடிதம் போட்டு வரச் சொல்வது மாதிரி. போதாததற்கு வக்கீலிடம் போக வேண்டும். வக்கீலிடம் காகிதத்தோடு போனவன் காகிதம் இல்லாமல் திரும்பிய கதை எல்லாக் குடும்பத்திலும் ஒன்று இருந்தது. யார் மண்ணில் இருக்கிறார்களோ அவர்கள் வரி கட்டுவார்கள். வடக்கே போனவர்கள் சாவுக்கும் கல்யாணத்துக்கும் வந்து அந்த வீட்டில் படுத்துவிட்டுப் போவார்கள். அப்படித்தான் நடந்து வந்தது.

அர்சூலா அந்த வீட்டில் பிறந்தாள். இரண்டு வருடம் மெம்பிஸில் ஒரு ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் கூடத்தில் வேலை பார்த்தாள். அம்மா படுத்ததும் திரும்பி வந்தாள். கிளியோஃபஸைக் கட்டிக்கொண்டாள், விலக்கினாள், இரண்டு வருடம் கழித்து அவனையே மறுபடி கட்டிக்கொண்டாள். “வேற ஆம்பளையைப் பழக்கறதுக்கு எனக்கு நேரமில்ல” என்று பாஸ்டரிடமே சொன்னாள். அவன் கெளுத்தி மீன் ஆலையில் தோலுரிக்கும் இயந்திரத்தில் நின்றவன். செத்து ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. முப்பத்தொரு வருடமாக அந்த நான்கு மனைக்கு வரி கட்டியது அவள். ரசீது எல்லாவற்றையும் ஒரு பன்றிக்கொழுப்பு டின்னில் அடுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் அவள் பெயர் இருந்தது. செலுத்தியவர்: அர்சூலா பேங்க்ஸ். மண் தன்னுடையது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் டின்னைத் திறந்து காட்டுவாள். யாரும் கேட்டதில்லை.

பதினைந்தாம் தேதி எதிர்வீட்டை எரித்தார்கள்.

மிஸ்ஸஸ் பிங்க்னியின் வீடு. அக்டோபரில் விற்றுவிட்டு ஜாக்ஸனில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். கம்பெனி அதைத் தீயணைப்புக்காரர்களுக்குப் பயிற்சிக்குக் கொடுத்துவிட்டது. இடிக்கிற செலவு மிச்சம். காலையிலேயே வண்டி வந்து நின்றது. வைக்கோலை உள்ளே போட்டுப் பற்றவைத்தார்கள், தண்ணீர் அடித்து அணைத்தார்கள். மறுபடி பற்றவைத்தார்கள், மறுபடி அணைத்தார்கள். ஒரு வீடு ஒரே காலையில் மூன்று முறை தீப்பிடித்ததை அர்சூலா அதற்கு முன் பார்த்ததில்லை. நான்காவது முறை அணைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். அர்சூலாவின் முன் ஜன்னல் கண்ணாடி தொட முடியாதபடி சுட்டது. கொடியில் கிடந்த துணியெல்லாம் கரிவாடை.

மதியம் தீயணைப்புக்காரர்களில் ஒருவன், வலதுபக்கம் ஐந்தாவது வரிசை, தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி கொட்டகைக்கு வந்தான்.

“பசிக்குது மிஸ் அர்சூலா. எத்தனை இருக்கு?”

“இந்த வீட்டுக்கு அப்புறம் எந்த வீடுன்னு சொல்லு, அப்புறம் எண்ணறேன்.”

“எங்களுக்குச் சீட்டு வரும். சீட்டுல எந்த நம்பர் இருக்கோ அந்த வீடு.”

“என் நம்பர் வந்தா?”

“உங்க நம்பர் எப்படி வரும்?” என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான். ஒன்பது டஜன் வாங்கிப் போனான். புகையைப் பார்த்தபடி வண்டியில் சாய்ந்து தின்றார்கள். மட்டையெல்லாம் சாலையில் கிடந்தது. சாயங்காலம் அவள்தான் பெருக்கினாள்.

பெருக்கும்போது பெக்கான் மரத்தடியில் ஒரு முளைக்குச்சியைப் பார்த்தாள். தலையில் இளஞ்சிவப்பு ரிப்பன். அளவெடுப்பவர்கள் அடிக்கிற குச்சி. அவள் எல்லைக்கு உள்ளே, நாலு எட்டு தள்ளி. பிடுங்கி அடுப்பில் போட்டாள். திங்கட்கிழமை பேருந்தை விட்டுவிட்டு வந்து பார்த்தபோது அதே குழியில் வேறொரு குச்சி இருந்தது. புதுசு.

பதினெட்டாம் தேதி வரி கட்டப் போனாள். ஒவ்வொரு வருடமும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் கட்டிவிடுவாள். லியோத்தாவின் ஜன்னலில் யாரும் இல்லை. லியோத்தா பணத்தை வாங்கினாள், ரசீதைத் தட்டினாள், கிழித்தாள். கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“ஒண்ணு சொல்லணும்டி.”

“ரசீதைக் குடுத்துட்டுச் சொல்லு. உன் முகத்தைப் பாத்தா வரி ஏறின மாதிரி இருக்கு.”

“ரெண்டு வாரமா வக்கீல் ஆபீஸ் பொண்ணு ஒருத்தி மேல்மாடி ரெக்கார்டு ரூம்ல உக்காந்துருக்கா. சாவுப் பதிவு, கல்யாணப் பதிவு, எல்லாம் எடுத்துப் பாக்கறா. நேத்து காப்பி போட நான் மேல போனேன். மேஜை மேல பெரிய தாள். மரம் மாதிரி வரைஞ்சிருந்தா. அடியில பிரின்ஸ் டாலிவர்.”

“எங்க தாத்தாவை அவ எதுக்கு வரையறா?”

“கிளை கிளையா பேரு. முப்பது நாப்பது பேரு இருக்கும். செயின்ட் லூயிஸ்ல இருக்கறவங்க, கேரியில இருக்கறவங்க, எல்லாம். உன் பேரும் இருந்துச்சு. ஒரு சின்னக் கிளையில.”

அர்சூலா ஜன்னலின் பித்தளை விளிம்பைத் தொட்டாள். “முப்பத்தொரு வருஷ ரசீது வெச்சிருக்கேன். நீயே கிழிச்சுக் குடுத்தது.”

“நான் கிழிச்சதுதான். அதனாலதான் சொல்றேன். ரசீது வேற, பத்திரம் வேற. இன்னைக்கும் பத்திரத்துல அந்தப் பெருக்கல் குறிக்காரர்தான். அவர் பேரன் பேத்தி எல்லாருக்கும் அதுல பாத்தியதை. ஊரை விட்டுட்டுப் போனவனுக்கும் உண்டு, வராதவனுக்கும் உண்டு.”

“இருக்கட்டுமே. யாரு வந்து கேட்டா?”

“யாரும் வர வேண்டாம்டி. ஒருத்தன் பங்கை வாங்கிட்டாப் போதும், கம்பெனியும் உனக்குப் பங்காளி. பங்காளி கோர்ட்டுக்குப் போய், இதைப் பிரிக்க முடியாது, மொத்தமா ஏலம் விட்டுக் காசாக் குடுங்கன்னு கேக்கலாம். ஏலத்துல எடுக்கறவன் யாருன்னு உனக்கே தெரியும்.”

பின்னால் ஒரு ஆள் வந்து நின்றான். லியோத்தா ரசீதை நீட்டினாள். அர்சூலா அதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

“எங்காளுங்க விக்க மாட்டாங்க. அதுவுமில்லாம இன்னும் பத்து நாள். கோர்ட்டு பத்து நாள்ல தும்மக்கூடச் செய்யாது.”

லியோத்தா அடுத்த ஆளைப் பார்த்தாள்.

வெளியே படிக்கட்டில் நின்றபோது அவளுக்கு ராஸ்கோவின் ஞாபகம் வந்தது. பெரியப்பா மகன். அவளைவிட எட்டு வயது மூத்தவன். இந்தியானாவில், கேரியில் இருந்தான். இரும்பாலை, ஓய்வு, இப்போது வாரம் மூன்று நாள் சிறுநீரகத்துக்கு இயந்திரத்தில் படுக்கிறான். நவம்பரில் நன்றித் திருநாள் அன்று போன் பண்ணினான். வழக்கமாக அவள்தான் பண்ணுவாள். இந்த முறை அவன் முந்திக்கொண்டது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

“ஜூலா, அந்தப் பெக்கான் மரம் இன்னும் காய்க்குதா?”

“உன் பல்லு இருந்தப்ப இருந்த மாதிரியே காய்க்குது.”

“அந்த மண்ணுல என் பேரும் இருக்கா?”

“உன் பேரு எங்கெங்கயோ இருக்கு, ராஸ்கோ. தெக்கே பாதிப் பொண்ணுங்க இன்னும் அதைச் சொல்லித் திட்டறாங்க.”

அவன் சிரிக்கவில்லை. இருமினான். வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்றான். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டான்.

படிக்கட்டில் நின்றபடியே அவனைக் கூப்பிடலாம் என்று கைபேசியை எடுத்தாள். பிறகு உள்ளே வைத்தாள். முந்தைய நாள்தான் அவனுக்கு ஆறு டஜன் தமாலேயை உறையவைத்து, செய்தித்தாளில் சுற்றி, பெட்டியில் போட்டு, கிரேஹவுண்ட் பேருந்தில் ஏற்றி அனுப்பியிருந்தாள். வருடா வருடம் அனுப்புவது. பெட்டி வந்ததும் அவன் கூப்பிட்டு, “காரம் பத்தல” என்பான். அதுதான் நன்றி. அனுப்பியவள் முதலில் கூப்பிட்டால் நன்றியைக் கேட்டு வாங்கின மாதிரி ஆகும். அவனே கூப்பிடட்டும். அப்போது நாசூக்காகக் கேட்டுக்கொள்ளலாம்.

இருபது ஆயிற்று. இருபத்தொன்றில் பள்ளிக்கூடம் விட்டார்கள். பேருந்தை நிறுத்துமிடத்தில் விட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்து வந்தாள். கிறிஸ்துமஸ் அன்று தேவாலயத்தில் பாடினாள். லியோத்தாவும் பக்கத்தில் நின்று பாடினாள். இருவரும் மண்ணைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தாள். பேருந்து கேரிக்குப் போய்ச் சேர இரண்டு நாள். ஒரு வாரம் ஆகிவிட்டது. ராஸ்கோ கூப்பிடவில்லை. இயந்திரத்தில் படுத்திருப்பான் என்று நினைத்தாள். மறுநாளும் அதையே நினைத்தாள்.

எரித்த வீட்டின் கரியை மழை சாலைக்குக் கொண்டுவந்தது. அவள் வாசல் வரை கறுப்பாக ஓடியது. எரிந்த இடத்தில் புகைக்கூண்டு மட்டும் நின்றது. காலையில் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். ரயில் போகும்போது அந்தக் கூண்டிலிருந்து ஒரு செங்கல் விழும். ஒரே ஒரு செங்கல். மற்றது அப்படியே நிற்கும்.

இருபத்தேழாம் தேதி லமார்கஸ் வரவில்லை. அதற்கு முன் தினமும் வந்தவன். அவள் ஜன்னலுக்கு நாலு தடவை போய்ப் பார்த்தாள். வராதது நல்லதுக்கு என்று தனக்கே சொன்னாள். தோற்றவன் வர மாட்டான்.

இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை. காலையிலேயே தேவாலயத்துக்குப் போகிற நீல உடுப்பைப் போட்டுக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பன்றித்தோள் கறியை வேக வைத்தாள். மட்டையை ஊறப்போட்டாள். நாளைக்கு நிறைய ஓடும் என்று தோன்றியது. பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. வங்கி ஐந்துக்கு மூடும். ஐந்துக்குப் பிறகு அட்லாண்டாக்காரனின் பணம் வெறும் பணம். அவனும் எல்லாரையும் போல வரி கட்டிவிட்டுப் போவான்.

நாலு மணிக்குக் கார் வந்தது. லமார்கஸ் இறங்கினான். கையில் தோல் உறை இல்லை. கொட்டகைக்கு நேராக வந்தான்.

“ரெண்டு டஜன் கெடைக்குமா, மிஸ் அர்சூலா? வீட்டுல கேட்டாங்க.”

“எங்கடா உன் காகிதம்? கடைசி நாள் வெறுங்கையோட வர்றே?”

“இன்னைக்குக் காகிதம் இல்ல.”

“தெரியும். ஒரு மணி நேரம் இருக்கு உங்களுக்கு.” அவள் பானை மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. “நூத்தி எண்பது நாள். நான் ஒவ்வொண்ணா அடிச்சிருக்கேன். வேணும்னா வந்து பாரு. நாட்காட்டி சுவத்துலதான் இருக்கு. உன் மொதலாளிகிட்ட சொல்லு, ஒரு பஸ் ஓட்டறவ அவரை நிறுத்தத்துலயே விட்டுட்டுப் போயிட்டான்னு.”

லமார்கஸ் அவளையே பார்த்தான். அவன் முகத்தில் கேலி இல்லை. அதுதான் அவளைச் சிரிப்பிலிருந்து நிறுத்தியது.

“மிஸ் அர்சூலா, காலையில பத்தரைக்கே அவர் பணம், இந்த ஊர்ல போடறதுக்குன்னே ஆரம்பிச்ச ஃபண்டுல விழுந்துடுச்சு.”

“எந்த மண்ணை வாங்கி?”

“மண்ணை வாங்க வேண்டாம். அந்தத் தேதி பணம் ஃபண்டுக்குள்ள போறதுக்குத்தான். உள்ள போயிடுச்சுன்னா நூத்தி எண்பது நாளோட வேலை முடிஞ்சுது. அப்புறம் மண்ணுக்கும் கட்டடத்துக்கும் முப்பத்தொரு மாசம் டயம் இருக்கு.”

“முப்பத்தொரு மாசம்.”

“ஆமா.”

பானை கொதித்தது. அவள் இடுக்கியால் ஒரு கட்டை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தாள்.

“அப்ப இருபத்தெட்டுக்கு மேல விலை இருக்காதுன்னு சொன்னது?”

“அது நெசம். உங்க கையெழுத்து இருந்தா சுலபமா முடிஞ்சிருக்கும். அதுக்குத்தான் அந்த விலை. இப்ப அந்த விலை இல்ல.”

“இப்ப என்ன இருக்கு?”

அவன் பெக்கான் மரத்தடியில் இருந்த ரிப்பனைப் பார்த்தான். “நான் சொல்லக் கூடாது. நான் வெறும் ஓடற ஆளு. நீங்களே என்னை ஏத்தி எறக்கினவங்க. தினமும் வந்து கேட்டேன்ல?”

“கேட்டே,” என்றாள்.

இரண்டு டஜனைத் தாளில் சுற்றி, உப்பு பிஸ்கட்டை மேலே வைத்துக் கொடுத்தாள். அவன் நோட்டைப் பலகையில் வைத்துவிட்டு மீதி வாங்காமல் நடந்தான். அவள் கார் வரைக்கும் பின்னால் போய், கண்ணாடியைத் தட்டி, மீதிக் காசைக் கையில் போட்டாள்.  கார் கரியோடிய சாலையில் மெதுவாகத் திரும்பியது.

உள்ளே வந்து ராஸ்கோவுக்குப் போன் பண்ணினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி பண்ணினாள். மூன்றாவது தடவை எடுத்தார்கள்.  ஒரு இயந்திரம் ஓடுகிற சத்தம், யாரோ மூச்சு விடுகிற சத்தம்.

“ராஸ்கோ? பெட்டி வந்துச்சா?”

“வந்துச்சு, ஜூலா,” என்றது குரல். கொஞ்சம் கழித்து, “காரம் சரியா இருந்துச்சு,” என்றது. பிறகு தொடர்பு அறுந்தது.

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வருடத்தில் அவன் காரம் சரி என்று சொன்னதில்லை.

மறுநாள் சனிக்கிழமை. அர்சூலா நாலு மணிக்கு எழுந்தாள். பதினெட்டு டஜன் சுருட்டினாள். மழை இல்லை. எட்டரைக்கு ஷெரிஃபின் ஆள் ஒருவன் வந்தான். இடதுபக்கம் கடைசி வரிசை. தொப்பியைக் கழற்றிக் காலை வணக்கம் சொன்னான், ஒரு உறையைக் கொடுத்தான், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினான். அரை டஜன் வாங்கிப் போனான்.

உறையில் பதினோரு பக்கம் இருந்தது. பாகப்பிரிவினை வழக்கு. வாதி, கம்பெனி. பிரதிவாதிகள் முப்பத்தாறு பேர். அவள் பெயர் இருபத்திரண்டாவது. கேரி நகரத்து ராஸ்கோ டாலிவர் பதினான்கில் ஒரு பங்கை டிசம்பர் பதினொன்றாம் தேதி வாதிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். விலை, பத்திரங்களில் வழக்கமாகப் போடுகிற ‘பத்து டாலரும் இதர பிரதிபலனும்’. கையெழுத்து கோணலாக இருந்தது. அவளுடைய பங்கு இருபத்தொன்றில் ஒன்று என்று போட்டிருந்தது. சொத்தைப் பிரிக்க இயலாது என்பதால் மொத்தமாக ஏலத்தில் விற்கும்படி வாதி கேட்டிருந்தார். பதில் சொல்ல முப்பது நாள்.

பத்து மணிக்கு லியோத்தா வந்தாள். காகிதத்தைப் படித்தாள். ஜாக்ஸனில் காசு வாங்காமல் பார்க்கிற வக்கீல்கள் இருக்கிறார்கள், திங்கட்கிழமை விசாரிக்கிறேன் என்றாள். அர்சூலா சரி என்றாள். மதியத்துக்குள் பதினாறு டஜன் விற்றது. மீதியை உறையவைத்தாள். காகிதத்தைக் கொழுப்பு டின்னில், இந்த வருட ரசீதுக்கு மேல் வைத்தாள்.

முந்தின ஞாயிறன்றே தேவாலயத்தில் கொடுத்த, சவ அடக்க நிலையத்தின் புது வருட நாட்காட்டி மேஜையில் சுருட்டியபடி கிடந்தது. அதைப் பிரித்து மாட்டினாள். பென்சிலால் முப்பது நாள் எண்ணினாள். ஜனவரி இருபத்தெட்டு, திங்கட்கிழமை. அதைச் சுற்றி வட்டம் போட்டாள்.